நாற்பது நிமிடப் பொய்

ஷெரோன் செத்துக் கிடந்தாள்.

அப்படித்தான் நிரோஷா நினைத்தாள்.

அலறல் கேட்டு ஓடி வந்தவள் குளியலறை வாசலில் சறுக்கி நின்றாள். ஈரத் தரை. ஒற்றைச் செருப்பு. மல்லாந்து கிடந்த ஷெரோனின் தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கண்கள் மூடியிருந்தன.

நிரோஷா குனிந்து அவள் மூக்கருகே விரலை வைத்தாள்.

பிணம் கண்ணைத் திறந்தது.

"என் மோதிரம் எங்க?" என்று கேட்டது.

சனிக்கிழமை. காலை பதினொரு மணி.

கண்டிக்கருகே அம்பிட்டிய மலைச்சரிவில், வீதியிலிருந்து அறுபத்தெட்டுப் படி ஏறினால் வருவது பஹீமின் ஜிம். சனிக்கிழமைக் காலைகள் பெண்களுக்கு மட்டும். அந்த நேரத்தில் கதவு உள்ளே பூட்டப்படும். கமரா நிறுத்தப்படும். சொந்தக்காரன் பஹீம்கூட கீழே வீதியோரத்திலிருக்கும் தன் கடையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உள்ளே மூன்றே பேர்.

ஷெரோன். டவுனில் வங்கி வேலை. ஜனவரியில் றொட்னியோடு கல்யாணம். கல்யாண உடுப்புக்குள் நுழைவதற்காக மூன்று மாதமாகப் படி மெஷினில் ஏறுகிறவள்.

மேபல் டீச்சர். றொட்னியின் அம்மா, ஷெரோனின் வருங்கால மாமியார். ஓய்வுபெற்ற உப அதிபர். மருமகளோடு சேர்ந்து தானும் கொஞ்சம் மெலிவதாகச் சொல்லி அன்றுதான் முதல் தடவையாக வந்திருந்தார்.

நிரோஷா. கவுண்டரில் வேலை. வத்தேகமவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு வரிசை வீடு. ஒரு வருடமாக அந்த மெஷினைத் துடைத்திருக்கிறாள். ஏறிப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

"விழுந்தீங்களா மிஸ்? தலையில பட்டிருச்சா?"

"தலை கிடக்கட்டும். மோதிரத்தக் காணம். குளிக்கப் போறப்ப கழட்டி பையில வச்சேன். வந்து பாத்தா பை இருக்கு, மோதிரம் இல்ல. கத்தினேன்... வழுக்கிட்டுது."

துவாயால் நெற்றியைத் துடைத்தபடி மேபல் டீச்சர் வந்தார்.

"என்ன சத்தம்? ஏன் இந்தப் பிள்ள தரையில கிடக்குது?"

"ஆன்ட்டி... மோதிரம்..."

"எந்த மோதிரம்?"

"நிச்சயத்துக்கு நீங்க போட்ட மோதிரம். நீலக்கல்."

மேபல் டீச்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அருகிலிருந்த கதிரையில் உட்கார்ந்தார்.

"மாதாவே. எங்க பரம்பரைக் கல்லு."

பின்னால், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக, இரண்டு படி மெஷின்களும் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

டடக்... டடக்... டடக்...

* * *

எஸ்.ஐ. லெட்சுமணன் அறுபத்தெட்டாவது படியில் ஏறி நின்றபோது அவரால் பேச முடியவில்லை. கையால் சைகை காட்டினார். பஹீம் தண்ணீர் கொடுத்தான்.

"சேர், நம்ம ஜிம் பேரு கெட்டுப் போவும் சேர். ஒரு வருசமா ஒரு சீப்புகூடக் காணாமப் போனதில்ல."

"பேசாம... இரு... பஹீம்..."

மூச்சு வந்தது. உள்ளே போனார். மேபல் டீச்சரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"குட் மோர்னிங் டீச்சர்."

"பன்னெண்டு மணியாச்சு. குட் ஆஃப்டர்நூன். உக்காரு லெட்சுமணன்."

உட்கார்ந்தார். நான்காம் வகுப்பில் இதே குரல் அவரை முட்டுக்கால் போட வைத்திருக்கிறது. தான் இப்போது பொலிஸ் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. எழுந்தார்.

"ஒருத்தரும் எதையும் தொடப்படாது. எல்லாம் எவிடென்ஸ். மிஸ், நீங்க எத்தன மணிக்குக் குளிக்கப் போனீங்க?"

"பத்தரை இருக்கும்," என்றாள் ஷெரோன். "என்ட எக்ஸசைஸ் முடிஞ்சு மெஷின ஆன்ட்டிக்குக் குடுத்தேன். பத்து இருபதுக்கு அவங்க ஏறினாங்க. பக்கத்து மெஷின்ல நிரோஷா ஏறினா."

"மோதிரத்த ஏன் கழட்டினீங்க?"

"மெலிஞ்சிட்டேன்தானே. விரல்ல சுத்துது. சவர்க்காரம் பட்டா கழண்டு குழாய்க்குள்ள போயிரும். பின்னேரம் டவுனுக்குப் போய், நம்ம நகைக்கடை இன்ஷாப் நானாக்கிட்ட சின்னதாக்கக் குடுக்க இருந்தேன்."

லெட்சுமணன் தலையாட்டினார். மேபல் டீச்சரின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், மன்னிக்கணும். நீங்க அந்த நேரம்..."

"மெஷின்ல. பத்து இருபதுல இருந்து இவ கத்தும் வரைக்கும். நாப்பது நிமிஷம். வேணும்னா அந்தப் பெட்டியில நம்பர் இருக்கு, போய்ப் பாரு."

"நீ?"

"நானும் மெஷின்லதான் சேர்," என்றாள் நிரோஷா. "டீச்சர் தனியா ஏறப் பயப்பட்டாங்க. அதான் நானும் பக்கத்துல ஏறினேன்."

"டீச்சர் ஏறினதப் பாத்தியா?"

"நடுவுல பலகை சேர். சத்தம்தான் கேட்டுச்சு. டடக் டடக்னு."

"டீச்சர், நீங்க இவளப் பாத்தீங்களா?"

"எனக்கும் சத்தம்தான் கேட்டுது. இடையில அது மாறிச்சா இல்லையான்னு நான் கவனிக்கல." டீச்சர் கொஞ்சம் நிறுத்தினார். "வேலைக்கு நிக்கிற பிள்ளைங்க, லெட்சுமணன். நான் ஒண்டும் சொல்லல."

நிரோஷாவின் முகம் மாறியது.

பைகளைச் சோதித்தார்கள். நிரோஷாவின் பையைத் தலைகீழாகக் கொட்டினார் லெட்சுமணன். சாப்பாட்டுப் பெட்டி. சீப்பு. பஸ் டிக்கெட். ஒன்றுமில்லை. கவுண்டர் லாச்சி, துவாய்க் கூடை, மெஷின்களுக்கு அடிப்பகுதி... ஒன்றுமில்லை.

மேபல் டீச்சர் தன் கைப்பையைத் தானே திறந்து காட்டினார். குடை. மூக்குக்கண்ணாடி. மாதா படம் தைத்த சின்ன ஜெபமாலைப் பை.

அதை லெட்சுமணன் தொடவில்லை. தொடுகிற தைரியம் அவருக்கு இல்லை.

மெஷின்கள் பக்கம் போனார்.

"இது மேல போகுமா?"

"இல்ல சேர். இருக்கிற இடத்துலயேதான். படி கீழ வரும். நாம ஏறிக்கிட்டே இருக்கணும்."

"ஏறாட்டி?"

"கீழ வந்துருவோம்."

"வெளியில அறுபத்தெட்டுப் படி இருக்கு. உள்ள வந்து திரும்பவும் படி ஏறுறீங்களா?"

"அது வர்றதுக்கு சேர். இது தொடைக்கும் கெண்டைக்காலுக்கும்."

இரண்டு மெஷின்களின் பெட்டியிலும் நிமிடக் கணக்கு இருந்தது. இரண்டிலும் நாற்பது தாண்டியிருந்தது. லெட்சுமணன் தாடையைத் தடவினார். பிறகு சப்பாத்தோடு ஒரு மெஷினில் ஏறி, பச்சை பட்டனை அமுக்கினார்.

டடக்... டடக்...

"ஆ. சுகமாத்தான் இருக்கு."

"முழுப் பாதத்தையும் வைங்க சேர். கைப்பிடியில சாயாதீங்க."

அவர் சாய்ந்தார். வயிறு ஒரு பட்டனில் பட்டது.

டடக்டடக்டடக்டடக்...

"ஏய்... இது என்ன... எங்க நிப்பாட்டுறது?"

"சிவப்பு பட்டன் சேர்."

"எங்க இருக்கு அது? நீ அமுக்கு."

"எதையும் தொடக் கூடாதுன்னு சொன்னீங்களே சேர். எவிடென்ஸ்."

பன்னிரண்டு நிமிடம். கண்டிப் பொலிஸில் பதினெட்டு வருடம் ஓடாத ஓட்டத்தை லெட்சுமணன் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் ஓடினார். கடைசியில் கைப்பிடியை விட்டார். படி அவரைப் பத்திரமாகக் கீழே இறக்கித் தரையில் உட்கார வைத்தது.

மெஷின் நிற்கவில்லை.

ஆளில்லாமல் ஓடியது. பெட்டியில் எண்கள் மாறிக்கொண்டேயிருந்தன. பதின்மூன்று. பதினான்கு.

லெட்சுமணன் தரையில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்தார். பொலிஸ் மூளை விழித்தது.

"ஆள் இல்லாமலே எண்ணுது... அப்ப இது சாட்சி இல்ல."

இரண்டு மெஷின்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் மெஷின ஓட விட்டுட்டு எறங்கிப் போயிருக்கார். சத்தம் கேக்கும். நம்பர் ஓடும். பக்கத்துல இருக்கிறவருக்கு ஒண்டும் தெரியாது."

அவர் பார்வை நிரோஷாவின் மேல் நின்றது.

"நீ போன கிழமை ஸ்டேசனுக்கு வந்தாய்தானே?"

"ஆமா சேர். என் மேல குத்தம் ஒண்ணும் இல்லன்னு பொலிஸ் ரிப்போர்ட்டுக்கு. மாலைதீவுல ஹோட்டல் வேலை சரியாகியிருக்கு. இந்த மாசத்துக்குள்ள ரிப்போர்ட் அனுப்பாட்டி வேற ஆள எடுத்துருவாங்க."

"ஒரு முறைப்பாட்டுல சந்தேக ஆள்னு பேர் ஏறினா ரிப்போர்ட் நிக்கும். தெரியும்தானே?"

"தெரியும் சேர்."

"அப்ப நீ எடுக்கலன்னு வேண்டிக்க."

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை லெட்சுமணனால் கட்டிலிலிருந்து எழும்ப முடியவில்லை.

தொடை கல்லாகியிருந்தது. கெண்டைக்காலை யாரோ உள்ளேயிருந்து முறுக்கினார்கள். மனைவி பாலாம்பிகை தேத்தண்ணீரோடு வந்து நின்றாள்.

"பன்னெண்டு நிமிஷத்துக்கா இந்தக் கோலம்?"

"சிரிக்காத."

"சிரிக்கல. நாப்பது நிமிஷம் ஏறினவங்க என்ன கதின்னு யோசிக்கிறேன்."

லெட்சுமணன் படுத்தபடியே அவளைப் பார்த்தார்.

"திரும்பச் சொல்லு."

"என்னத்த?"

"ரெண்டு பேருமே அன்னைக்குத்தான் முதல் தடவ ஏறினாங்க. உண்மையா நாப்பது நிமிஷம் ஏறினவருக்கு நாளைக்குக் காலு இருக்காது. பொய் சொன்னவருக்கு இருக்கும்." அவர் எழும்பப் பார்த்தார். முடியவில்லை. "பாலா, நான் கெட்டிக்காரன்."

"கையக் குடுங்க. கெட்டிக்காரரத் தூக்கி விடுறேன்."

* * *

திங்கட்கிழமை காலை பத்து மணி.

ஜிம் வாசலில், அறுபத்தெட்டாம் படிக்கு நேர் மேலே ஒரு கதிரை. அதில் லெட்சுமணன். மேலே ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. மற்றபடி சமாளித்துவிட்டார். பக்கத்தில் ஷெரோன். அன்று லீவு போட்டிருந்தாள்.

கீழே ஒரு த்ரீவீல் வந்து நின்றது.

மேபல் டீச்சர் இறங்கினார். ஒரு கை கைப்பிடிக் கம்பியில். மறு கை முழங்காலில். ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல்.

"யேசுவே... மாதாவே... யேசுவே..."

இருபதாவது படியில் நின்றார். நாற்பதாவது படியில் உட்கார்ந்தார். ஐம்பதாவது படியில் பஹீம் கீழேயிருந்து ஓடி வந்து தாங்கினான். உச்சிக்கு வந்தபோது ஷெரோனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஆன்ட்டி, இவ்வளவு வலியோட ஏன் வந்தீங்க?"

"லெட்சுமணன் கூப்பிட்டான். சட்டத்துக்கு மரியாதை குடுக்கணும் பிள்ள." கதிரையைப் பார்த்தார். லெட்சுமணன் எழுந்துவிட்டார். டீச்சர் அமர்ந்தார். "நாப்பது நிமிஷம், லெட்சுமணன். காலு ரெண்டும் என்ட இல்ல."

பஹீம் கடைக்குத் திரும்பினான். அவனைத் தாண்டி நிரோஷா வந்தாள்.

இடுப்பில் தண்ணீர்க் கான். இரண்டு இரண்டு படியாக. மேலே வந்து கானை இறக்கி வைத்தாள். மூச்சு வாங்கவில்லை.

லெட்சுமணனும் ஷெரோனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காலு வலிக்கலையா உனக்கு?"

"இல்லையே சேர்."

"சனிக்கிழமை நாப்பது நிமிஷம் ஏறினாய்."

"ஏறினேன்."

"டீச்சரப் பாத்தியா? நான் பன்னெண்டு நிமிஷம் ஏறிட்டு நேத்து முழுக்கப் படுக்கை. நீ ஆட்டுக்குட்டி மாதிரி வர்றாய்."

நிரோஷாவுக்கு விளங்கியது.

"சேர், எங்க லயத்துக்கு ரோட்டுலருந்து முன்னூத்திப் பன்னெண்டு படி. காலையில எறங்கி வேலைக்கு வர்றேன். பின்னேரம் ஏறிப் போறேன். தண்ணி வராத நாளைக்கு நாலு தரம். சின்ன வயசுலருந்து இதான். எனக்கு எப்படி சேர் வலிக்கும்?"

"காரணம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெக்கோட்ல போட ஏலாது."

"ஏன் சேர் ஏலாது?"

"ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய். ஒருத்தருக்கு வலி இருக்கு, ஒருத்தருக்கு இல்ல. நான் யாரப் போடுறது? டீச்சரையா?"

"நான் வகுப்புல பொய் சொன்ன பிள்ளைங்கள முகத்தப் பாத்தே கண்டுபிடிப்பேன்," என்றார் மேபல் டீச்சர் மெதுவாக.

லெட்சுமணன் தொப்பியை வைத்துக்கொண்டார்.

"முறைப்பாட்டுப் பொத்தகம் ஜீப்ல இருக்கு. எடுத்துட்டு வாறன். பேரப் போட்டுட்டுத்தான் ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"சேர், பேர் ஏறினா என்ட வேலை போயிரும்."

"தெரியும்."

அவர் திரும்பினார். முதல் படியில் காலை வைத்தார்.

"ஆ..."

இரண்டாவது படி.

"அம்மா..."

தொடை நடுங்கியது. முழங்கால் தன்பாட்டில் மடங்கியது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். யோசித்தார். பிறகு திரும்பி நின்று, மலையைப் பார்த்தபடி, பின்பக்கமாக இறங்கத் தொடங்கினார்.

ஒன்று... நின்றார். ஒன்று... நின்றார்.

ஜீப் இன்னும் அறுபத்து நான்கு படிக்குக் கீழே நின்றது.

ஷெரோன் நிரோஷாவின் தோளைத் தொட்டாள்.

"நிரோஷா, எடுத்திருந்தா சொல்லிரு. நான் கோவிக்க மாட்டேன். அவர் பொத்தகத்தோட வர முதல் சொல்லிரு."

நிரோஷா லெட்சுமணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே வரும்போது அவருக்கு மூச்சுத்தான் வாங்கியது. கீழே போகும்போது அழுகிறார்.

லயத்துக்கு வருகிற டவுன் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான். முதல் நாள் சிரித்துக்கொண்டு ஏறுவார்கள். ஒரு நாள் தங்குவார்கள். அடுத்த நாளும் எப்படியோ ஏறிவிடுவார்கள். இறங்கும்போதுதான் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து போவார்கள். பழகாத கால் காட்டிக்கொடுப்பது இறக்கத்தில்தான்.

மேபல் டீச்சர் ஏற்றத்தில் முனகியதை எல்லாரும் பார்த்தார்கள்.

இறக்கத்தில்?

இன்னும் யாரும் பார்க்கவில்லை.

நிரோஷா எட்டிப் பார்த்தாள். கீழே டீச்சரின் த்ரீவீல். பின் சீட்டில் கறுப்பாக ஏதோ. கைப்பை. கம்பிக்கு ஒரு கை, முழங்காலுக்கு ஒரு கை... டீச்சருக்குப் பையைத் தூக்க மூன்றாவது கை இருக்கவில்லை.

லெட்சுமணன் மேலிருந்து பதினைந்தாவது படியில் இருந்தார்.

"மிஸ், ஒரு நிமிஷம்," என்றாள் நிரோஷா. கவுண்டருக்குப் போனாள். போனை எடுத்தாள். வாசலுக்குக் கேட்கும்படி பேசினாள்.

"பஹீம் நானா, டீச்சர் வந்த த்ரீவீல் கடைய மறைச்சிக்கிட்டு நிக்குது. வளைவுக்கு அங்கிட்டுக் கொண்டுபோய் நிப்பாட்டச் சொல்லுங்க."

கீழே எஞ்சின் உறுமியது.

மேபல் டீச்சர் நிமிர்ந்தார்.

"என்ன... எங்க போறான் அவன்? என்ட பை..."

த்ரீவீல் நகர்ந்தது.

"டேய்... நில்லு... என்ட பை உள்ள இருக்குடா..."

அடுத்து நடந்ததை அம்பிட்டியவில் ஒரு மாதம் பேசினார்கள்.

மேபல் டீச்சர் எழுந்தார். சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தார். ஓடினார். கம்பியைத் தொடவில்லை. யேசுவைக் கூப்பிடவில்லை. அறுபத்து மூன்று வயதுக் கால்கள் படிகளில் மழை கொட்டுகிற மாதிரி இறங்கின.

பத்து. இருபது. லெட்சுமணன் மலையைப் பார்த்தபடி இருபத்திரண்டாவது படியில் நின்றார். அவர் தோளுக்குப் பக்கத்தால் ஒரு சேலை பறந்து போனது.

"குட் மோர்னிங் டீச்..." என்றார் பழக்கத்தில்.

பிறகுதான் திரும்பினார்.

நிரோஷாவும் அவரைத் தாண்டினாள்.

"நில்லுங்க. ரெண்டு பேரும் அப்படியே நில்லுங்க. பொலிஸ் சொல்றேன்... நான் வாறன்... கொஞ்சம் நேரமாகும்."

நிரோஷா த்ரீவீலைப் பிடித்துவிட்டாள். ஆனால் பையைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். டீச்சர் வந்து பையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, என்ன நடக்குது இங்க?" என்றான் பஹீம்.

"சேருக்கு ஒரு கதிரை எடுத்துட்டு வாங்க நானா. வர்றாரு."

ஏழு நிமிடம் காத்திருந்தார்கள்.

* * *

லெட்சுமணன் கதிரையில் உட்கார்ந்தார். தொடையை இரண்டு கையாலும் பிசைந்தார்.

"டீச்சர், உங்க கால் வலி எங்க போச்சு?"

"பை போகுதேன்னு பதறிட்டேன். பதட்டத்துல வலி தெரியல."

"உங்களக் கண்டதும் நானும் பதறிட்டேன் டீச்சர். ஓடத்தான் பாத்தேன். மனசு ஓடிச்சு. காலு வரல." மூச்சு விட்டார். "நாப்பது நிமிஷம் ஏறின காலு இது இல்ல. நாலு நிமிஷம்கூட ஏறல."

மேபல் டீச்சர் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"குடைக்கும் கண்ணாடிக்கும் யாரும் இப்படி ஓட மாட்டாங்க. அந்த ஜெபமாலைப் பைய சனிக்கிழமை நான் தொடல. இன்னைக்கும் தொட மாட்டேன். நீங்களே திறங்க."

ஷெரோன் இறங்கி வந்து சேர்ந்திருந்தாள். டீச்சர் அவளைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்தார். மாதா படத்துக்குப் பின்னாலிருந்து, ஜெபமாலையோடு சிக்கிக்கொண்டு, மோதிரம் வெளியே வந்தது.

நீலம். வெயிலில் ஒரு துளி ஆகாயம்.

"ஆன்ட்டி..." ஷெரோன் மோதிரத்தையும் டீச்சரையும் பார்த்தாள். "நீங்க போட்ட மோதிரத்த நீங்களே ஏன் எடுத்தீங்க?"

"நீ இன்ஷாப்கிட்டக் குடுக்கப் போறன்னு சொன்னாய்." டீச்சரின் குரலில் இப்போது உப அதிபர் இல்லை. "நகைக்கடைக்காரன் கண்ணாடி வச்சுப் பாப்பான். பாத்தா தெரிஞ்சிரும்."

"என்ன தெரிஞ்சிரும்?"

"அது கல்லு இல்ல பிள்ள. கண்ணாடித் துண்டு. றொட்னிட அப்பா, லூக்காஸ், கல்யாணத்துக்கு எனக்குப் போட்டது. இருபது வருஷம் கழிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சுது. அவர்கிட்ட நான் காட்டிக்கல. செத்த பிறகும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. உங்க வீட்டு ஆக்களுக்கு முன்னால பரம்பரை நீலக்கல்னு சொல்லிட்டேன். உங்க மாமா எல்லாருக்கும் காட்டினார்... நீ மெலிவாய்னு நான் நெனச்சனா?"

பஹீம் மெதுவாகக் கடைக்குள் போய் நின்றுகொண்டான். அங்கிருந்தும் எல்லாம் கேட்டது.

"மகாவலியில போடத்தான் நெனச்சேன். ரெண்டு தரம் பாலத்துல போய் நின்டேன். கை வரல. அவர் போட்டதுதானே."

"அதுக்காக என்ன மாட்டிவிட்டீங்களே டீச்சர்," என்றாள் நிரோஷா. "நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"

டீச்சர் தலை குனிந்தார்.

லெட்சுமணன் ஜீப்பை நோக்கிக் கையை நீட்டினார். பஹீம் பொத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"கண்ணாடியோ கல்லோ, களவு களவுதான். மிஸ், நான் எழுதப் போறேன்."

"எழுதாதீங்க," என்றாள் ஷெரோன்.

"ஏன்?"

"ஆன்ட்டி, அது கண்ணாடி இல்ல. நீலக்கல்தான்."

"இல்ல பிள்ள, எனக்குத் தெரியும்..."

"எனக்கும் தெரியும். போன மாசமே விரல்ல சுத்தத் தொடங்கிட்டுது. அப்பவே இன்ஷாப் நானாக்கிட்டக் காட்டினேன். கண்ணாடின்னு சொன்னாரு. எங்க அப்பா விட்டுட்டுப் போன கல்லு ஒண்டு வீட்டுல சும்மா கிடந்தது. அத வச்சுத் தரச் சொன்னேன். சின்னதாக்கவும் சொல்லியிருக்கலாம். இன்னும் மெலிவேன்தானேன்னு விட்டுட்டேன்."

மேபல் டீச்சர் மோதிரத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

"நம்பாட்டி கோல் எடுத்துக் கேளுங்க," என்றாள் ஷெரோன்.

லெட்சுமணன் கோல் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஓ, அந்த மோதிரமா?" என்றது இன்ஷாப்பின் குரல். "அசல் நீலம் சேர். முந்தி இருந்த கண்ணாடியப் பாத்து நான் சிரிச்சிட்டேன். மாமியாருக்குச் சொல்லப்படாதுன்னு அந்தப் புள்ள எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போச்சு. மாமியார் பக்கத்துல இல்லதானே?"

லெட்சுமணன் போனை வைத்தார்.

ஒரு பஸ் வளைவில் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது.

"ஏன் பிள்ள சொல்லல?" என்றார் டீச்சர்.

"நீங்க சொல்லியிருப்பீங்களா?"

"இல்ல."

"அதான்."

டீச்சர் மோதிரத்தை ஷெரோனின் விரலில் போட்டார். அது சுற்றியது. இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அந்தக் கண்ணாடி எங்க?"

"என்ட அலுமாரியில. பஞ்சுல சுத்தி வச்சிருக்கேன்."

"அது எனக்கு வேணும்."

"நாளைக்கே கொண்டு வாறன் ஆன்ட்டி."

டீச்சர் நிரோஷாவிடம் வந்தார். எப்படித் தொடங்குவதென்று அந்த முன்னாள் உப அதிபருக்குத் தெரியவில்லை. நாற்பது வருடம் மற்றவர்களைத்தான் மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறார்.

"நான் செஞ்சது பெரிய பிழை பிள்ள."

"ஆமா டீச்சர்," என்றாள் நிரோஷா. "பெரிய பிழைதான்."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. டீச்சரும் எதிர்பார்க்கவில்லை.

லெட்சுமணன் பேனையைத் திறந்தார்.

"பொருள் உரியவரிடம் கிடைத்தது. முறைப்பாடு வாபஸ். சரியா மிஸ்? நல்லது." நிரோஷாவைப் பார்த்துப் புன்னகைத்தார். "உனக்கும் ஒரு வரி போடுறேன். பொருளைக் கண்டுபிடிக்க உதவியவர், செல்வி நிரோஷா..."

"வேணாம் சேர்."

"நல்லதுதானே எழுதுறேன்."

"நல்லதுக்கு எழுதினாலும் அது பொலிஸ் பொத்தகம். கொழும்புல இருந்து தேடுறவருக்கு என்ட பேர்தான் கண்ணுல படும். மத்த வரிய அவர் வாசிக்க மாட்டாரு."

லெட்சுமணன் பேனையை மூடினார்.

"நீ மாலைதீவுக்குப் போறது பொலிஸ் வேலைக்கா?"

"ரூம் கிளீனிங் சேர்."

"அநியாயம்."

அவர் எழும்ப முயன்றார். முதல் தடவை முடியவில்லை. இரண்டாம் தடவையும் முடியவில்லை. கடைசியில் சந்தேக ஆளும், முறைப்பாட்டுக்காரியும், குற்றவாளியும் சேர்ந்து தூக்கித்தான் சட்டத்தை ஜீப்பில் ஏற்றினார்கள்.

பதினாறு நாள் கழித்து நிரோஷாவின் பொலிஸ் ரிப்போர்ட் வந்தது. அவள் மேல் எந்தக் குற்றமும் இல்லை, எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை என்று அதில் தெளிவாக இருந்தது.

ஓடினால் எங்களால் பிடிக்க முடியாது என்பதை மட்டும் லெட்சுமணன் எழுதாமல் விட்டிருந்தார்.